மக்காச்சோளத்தின் பிறந்த ஊர்

செவ்வாய், மெக்சிகோ நகரம்

பிரமிடு, கடற்கரை எதுவும் இந்தப் பயணத்தில் இல்லை. பெரம்பலூர் பக்கம் எங்கள் மானாவாரி நிலத்தில் வருஷா வருஷம் போடுவது மக்காச்சோளம். அந்தச் செடி எந்தப் புல்லிலிருந்து வந்தது, அந்தப் புல் இன்னும் எங்கே முளைக்கிறது என்று பார்க்கத்தான் செப்டம்பர் கடைசியில், மழையோடு மழையாக இங்கே வந்திருக்கிறேன்.

விடுதிக்கு எதிரில் டோர்ட்டியா என்ற மக்காச்சோள ரொட்டி போடும் கடை ஒன்று. காலை ஆறு மணிக்கே வரிசை நிற்கிறது. முதல் நாள் இரவே மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து ஊறப் போட்டு விடுகிறார்கள். காலையில் தோல் கழன்று வருகிறது. கழுவி, ஈரத்தோடு அரைத்தால் மாவு. சுண்ணாம்பு சேர்ப்பது ருசிக்காக மட்டும் இல்லை. மக்காச்சோளத்தில் உள்ள நயாசின் என்ற வைட்டமின் உடம்பில் சேராதபடி கட்டுண்டு கிடக்கும். சுண்ணாம்பில் வெந்தால்தான் விடுபடும். ஐரோப்பியர்கள் தானியத்தைக் கொண்டுபோனார்கள், இந்தப் பக்குவத்தை விட்டுவிட்டுப் போனார்கள். மக்காச்சோளத்தையே முக்கியமாகச் சாப்பிட்ட இத்தாலிய ஏழைகளும், பின்னாளில் அமெரிக்காவின் தென்மாநில ஏழைகளும் இந்த வைட்டமின் குறைந்து வரும் பெல்லக்ரா நோயில் செத்தார்கள்.

நெல்லுக்குக் காட்டு நெல் இருக்கிறது. பார்த்தால் எந்த விவசாயியும் நெல் ஜாதி என்று சொல்லிவிடுவார். கோதுமைக்கும் அப்படித்தான். மக்காச்சோளத்துக்கு மட்டும் அப்படி ஒரு காட்டுச் செடி உலகத்தில் எங்கேயும் இல்லை. இவ்வளவு பெரிய கதிரோடு, உறை மூடிய கதிரோடு, தானாக ஒரு மணிகூட உதிர்க்கத் தெரியாத செடி காட்டில் எப்படிப் பிழைக்கும்? அதனால் போன நூற்றாண்டில் இரண்டு கட்சிகள் பல பத்தாண்டுகள் சண்டை போட்டன. தாவரவியலாளர் பால் மாங்கெல்ஸ்டார்ஃப், காட்டு மக்காச்சோளம் ஒன்று இருந்து அழிந்துபோனது என்றார். மரபியலாளர் ஜார்ஜ் பீடில், அப்படி எதுவும் அழியவில்லை, மெக்சிகோ வயலோரம் முளைக்கும் தியோசிந்தே என்ற புல்தான் மூலம் என்றார். நாளைக்கு அந்தப் புல்லைப் பார்க்கப் போகிறேன்.

புதன், டெஸ்கோகோ, சால்கோ

நகரத்திலிருந்து கிழக்கே டெஸ்கோகோ போகும் வழியில் எல் பதான் என்ற இடத்தில்தான் சர்வதேச மக்காச்சோள, கோதுமை ஆய்வு மையம், சிம்மிட், இருக்கிறது. நார்மன் போர்லாக் இருந்த இடம். அறுபதுகளில் இந்தியாவுக்கு வந்த குட்டைக் கோதுமை மெக்சிகோவில் அவர் உருவாக்கியதுதான். எழுதிக் கேட்டிருந்தேன், விதை வங்கியைப் பார்க்க விட்டார்கள். மக்காச்சோளத்தில் மட்டும் ஏறக்குறைய 28,000 மாதிரிகள். நீண்டகாலச் சேமிப்பு அறையில் -18 டிகிரி. சட்டையோடு போனவன் இரண்டு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன்.

நான் பார்க்க வந்தது ஒரு சின்ன டப்பாவில் இருந்தது. தியோசிந்தே விதை. உள்ளங்கையில் கொட்டிக் காட்டினார்கள். முக்கோண வடிவம், பழுப்பும் கருப்புமாகப் பளபளப்பு. நகத்தால் கீறினால் கோடுகூட விழவில்லை. கதிர் என்று சொல்வதே மிகை. என் சுண்டுவிரல் நீளத்தில், ஐந்திலிருந்து பன்னிரண்டு விதைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கோத்திருக்கும். முற்றியதும் கணுக்கணுவாகத் தனித்தனியே உதிர்ந்துவிடும். ஒவ்வொரு விதையும் கல் மாதிரியான ஓட்டுக்குள். மாடு தின்றாலும் சாணத்தோடு முழுசாக வெளியே வந்து முளைக்கும். இதைப் பார்த்து ‘சாப்பாடு’ என்று ஒருவருக்குத் தோன்றியதே பெரிய விஷயம். பீடில் 1939-இல் இதற்கு ஒரு பதில் சொன்னார்: சூடு காட்டினால் பாப்கார்ன் போலவே இதுவும் ஓட்டை உடைத்துக்கொண்டு பொரிகிறது.

பீடில் சுவாரசியமான மனிதர். நெப்ராஸ்கா விவசாயி மகன். ஒரு மரபணு ஒரு நொதியை உண்டாக்குகிறது என்று காட்டியதற்காக 1958-இல் நோபல் பரிசு. அப்புறம் சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர். 1968-இல் ஓய்வு பெற்றதும் பழைய சண்டைக்குத் திரும்பினார். தியோசிந்தேயையும் மக்காச்சோளத்தையும் கலந்து, அதன் பேரத் தலைமுறையில் சுமார் 50,000 செடிகளை இங்கே மெக்சிகோவில் வளர்த்து, ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஏறக்குறைய 500 செடிக்கு ஒன்று அசல் மக்காச்சோளம் மாதிரி, இன்னொன்று அசல் தியோசிந்தே மாதிரி வந்தது. கணக்கு எளிது. இரண்டையும் பிரிப்பது நான்கு மரபணு என்றால் 256-க்கு ஒன்று வர வேண்டும்; ஐந்து என்றால் 1,024-க்கு ஒன்று. இடையில் நிற்கிறது. அதாவது, வேறு வேறு உயிரினம் என்று சத்தியம் செய்யக்கூடிய இரண்டு செடிகளுக்கு நடுவே பெரிய வித்தியாசம் செய்வது நான்கைந்து இடங்கள்தான்.

அந்த இடங்களைத் தேடிப் பிடித்தவர் மரபியலாளர் ஜான் டீப்ளி. ஓட்டைத் திறந்தது ஒரு மரபணு. அதன் டி.என்.ஏ. வரிசையில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கிறது, அதனால் புரதத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருக்கிறது; விதை ஓட்டுக்கு வெளியே வந்து நிற்கிறது. 2005-இல் இது உறுதியானது. இன்னொன்று கிளையைப் பற்றியது. தியோசிந்தே புதர் மாதிரி பல பக்கக் கிளை விடும், கிளைக்குக் கிளை குட்டிக் கதிர். மக்காச்சோளம் ஒற்றைத் தண்டு. இந்த மரபணு கிளையை அடக்குகிறது. புல்லிலும் அதே மரபணு இருக்கிறது. மக்காச்சோளத்தில் அது இரண்டு மடங்கு வேலை செய்கிறது, அவ்வளவுதான். வேலையைக் கூட்டியது, அந்த மரபணுவிலிருந்து ஏறக்குறைய 60,000 எழுத்து தள்ளி வந்து உட்கார்ந்த, இடம் விட்டு இடம் தாவும் ஒரு மரபணு. இப்படித் தாவுகிற மரபணுக்கள் உண்டு என்பதே மக்காச்சோளத்தில் பார்பரா மெக்ளின்டாக் கண்டுபிடித்தது. 1983-இல் நோபல் வாங்கினார். இருபதுகளின் கடைசியில் கார்னெல்லில் பீடிலோடு ஒன்றாக இருந்தவர்.

எனக்குப் பிடித்த இடம் இதுதான்: அந்தத் தாவல் நடந்தது மனிதன் விவசாயம் தொடங்குவதற்குக் குறைந்தது பத்தாயிரம் ஆண்டு முன்பு. புல் கூட்டத்தில் அங்கங்கே அது ஏற்கெனவே இருந்தது. ‘ஆதிமனிதன் மக்காச்சோளத்தை உருவாக்கினான்’ என்று எழுதுவதை நான் நிறுத்திக்கொள்ளப் போகிறேன். இருந்ததில் வாகானதைப் பொறுக்கினான். நான்கைந்து பெரிய இடம் என்பதும் முழுக் கதை இல்லை. பீடில் எண்ணியவை மரபணுத் தொகுதியின் பகுதிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் பல மரபணுக்கள் பின்னிக் கிடக்கின்றன. அதற்கும் மேல், மக்காச்சோளத்தின் மரபணுக்களில் 2 முதல் 4 சதவீதம், அதாவது ஆயிரத்துச் சொச்சம் மரபணுக்களில், மனிதன் பொறுக்கியதன் தடம் தெரிகிறது. பெரிய மாற்றம் சில, சில்லறை மாற்றம் நிறைய.

சாயங்காலம் சால்கோ. ரோட்டோரம் இறங்கி ஒரு மக்காச்சோள வயலுக்குள் நடந்தோம். கூட வந்த மாணவர் ‘இதில் தியோசிந்தே எது சொல்லுங்கள்’ என்றார். விவசாயி மகன் என்ற திமிரோடு பார்த்தேன். எல்லாம் ஒன்று போலவே நின்றது. அடிமட்டையில் ஊதா கலந்த சிவப்பு, மேலெல்லாம் சுணை, அதே உயரம், அதே இலை. பூ வந்தால்தான் தெரியும் என்று அவரே காட்டினார்: மக்காச்சோளத்தில் பட்டு நூலோடு தடித்த கதிர் வர வேண்டிய இடத்தில், இதில் மெலிசாக நாலைந்து கதிர் கொத்தாக நின்றது. நெல் வயலில் கதிர் வரும்வரை ஒளிந்திருக்கும் காட்டுக் குதிரைவாலிக் களையின் தந்திரம்தான் இதுவும்.

இது மலைத் தியோசிந்தே. மக்காச்சோளத்துக்கு மூலமானது இதன் தாழ்நிலச் சகோதரன். ஆனால் மக்காச்சோளம் மலையேறியபோது இதோடு கலந்தது. 2023-இல் வந்த ஆய்வின்படி, இன்று உலகில் உள்ள மக்காச்சோளம் எல்லாவற்றிலும் இந்த மலைப் புல்லின் பங்கு இருக்கிறது, ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக. அப்படியென்றால் எங்கள் பெரம்பலூர் கொல்லையிலும் இருக்கிறது. இரவு அப்பாவுக்குப் படம் அனுப்பினேன். உடனே போன் வந்தது.

“இதப் புடுங்காம ஏன்டா விட்டு வச்சிருக்காங்க?”

“பூ வர்ற வரைக்கும் அடையாளம் தெரியலப்பா. தெரிஞ்சதும் பிடுங்கி மாட்டுக்குப் போடுறாங்க.”

“அப்ப சாணியோட திரும்ப வயலுக்கே வரும்.”

மாணவர் அரை மணி நேரம் விளக்கியதை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார்.

வியாழன், பேருந்தில்

தெற்கு மாநிலமான வஹாகாவுக்குப் பகல் பேருந்து. நியாயமாக நான் போக வேண்டியது தென்மேற்கே, கெரேரோ மாநிலத்தின் பால்சாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கு. மக்காச்சோளத்தின் மரபணுவோடு மிக நெருங்கி வரும் தியோசிந்தே அங்கேதான் வளர்கிறது. ஒரே இடத்தில், ஒரே முறை, சுமார் 9,000 ஆண்டு முன் நடந்த மாற்றம் இது என்று 2002-இல் காட்டினார்கள். அங்கே இகுவாலா பக்கம் ஷிவடோஷ்ட்லா என்ற பாறை மறைவில் கிடைத்த அரைக்கும் கற்களில் 8,700 ஆண்டு பழைய மக்காச்சோள மாவுத் துகள் ஒட்டியிருந்தது. ஆனால் இப்போது அந்த வழியில் போக வேண்டாம் என்று கேட்ட எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். போகவில்லை.

வழியில் தெவாகான் பள்ளத்தாக்கு, கண்ணுக்கெட்டிய வரை கம்பம் கம்பமாகக் கள்ளி. தொல்லியலாளர் ரிச்சர்ட் மெக்நீஷ் அறுபதுகளில் இங்கே குகைகளைத் தோண்டி, ஆயிரக்கணக்கான மக்காச்சோளக் கட்டைகளை, அதாவது மணி உதிர்ந்த கதிரின் நடுத்தண்டுகளை, எடுத்தார். சிறியவை இரண்டரை சென்டிமீட்டர்கூட இல்லை. அழிந்துபோன காட்டு மக்காச்சோளம் இதோ என்று மாங்கெல்ஸ்டார்ஃப் கட்சி கொண்டாடியது. 7,000 ஆண்டு என்றார்கள். அது பக்கத்தில் கிடந்த கரியை வைத்துப் போட்ட வயது. 1989-இல் கட்டையையே நேராகச் சோதித்தபோது 5,500 ஆண்டைத் தாண்டவில்லை. காட்டுச் செடியும் இல்லை, மனிதன் கைப்பட்டதுதான். குகை மண்ணை எலி தோண்டும், மேலே இருப்பது கீழே போகும். கரியை நம்பிய கட்சி தோற்றது.

வெள்ளி, வஹாகா

மழை. அதிகம் நடக்கவில்லை. சுவர்களில் மக்காச்சோளம் வரைந்து ‘சோளம் இல்லையேல் நாடு இல்லை’ என்று எழுதியிருக்கிறார்கள். மரபணு மாற்றிய மக்காச்சோளம் இங்கே சாதாரண அரசியல் இல்லை. 2001-இல் இந்த மாநிலத்து மலை வயல்களில் நாட்டு ரகத்துக்குள் மரபணு மாற்றிய சரக்கு கலந்திருப்பதாக ஒரு ஆய்வுக் கட்டுரை வந்து பெரிய ரகளை ஆனது. 2013-இல் நீதிமன்றம் சாகுபடி அனுமதிகளை நிறுத்தி வைத்தது. 2025-இல் அரசியல் சட்டத்தையே திருத்தி, அதைப் பயிரிடுவதைத் தடுத்துவிட்டார்கள்.

இந்தப் பயம் வேறு ஊர்க்காரனுக்கு மிகையாகத் தெரியலாம். புதன்கிழமை சால்கோ வயலைப் பார்த்த பிறகு எனக்கு அப்படித் தெரியவில்லை. மகரந்தம் காற்றில் போகிற பயிர். மூலப் புல்லும், 59 நாட்டு இனங்களும், கடை விதையும் ஒரே காற்றில் நிற்கும் நாடு இது. பெரம்பலூரில் கலந்தால் அடுத்த பருவம் புது விதை வாங்கிப் போய்விடும். இங்கே கலந்தது இங்கேயே இருக்கும்.

சனி, கிலா நாகிட்ஸ்

வஹாகாவிலிருந்து மித்லா போகும் சாலையில் ஒரு சின்ன ஊரில் இறங்கி, ஊர்க்காரர் ஒருவரோடு மலைப்பக்கம் நடந்தோம். அறுபது தாண்டியவர், கையில் ஒரு வெட்டுக்கத்தி, வாயில் ஓயாத பேச்சு. எனக்குத் தெரிந்த அரைகுறை ஸ்பானிஷில் பாதி புரிந்தது. கள்ளி, முள், ரயில் கற்றாழை. திண்டுக்கல் பக்கத்துக் கரட்டில் நடக்கிற மாதிரியே வெயில்.

குகை ஏமாற்றும். குகை என்றே சொல்ல முடியாது. பாறை கொஞ்சம் உள்வாங்கிய நிழல். ஒரு வேன் நிறுத்தலாம். இதற்கா யுனெஸ்கோ 2010-இல் உலகப் பாரம்பரியம் என்று பட்டம் கொடுத்தது என்று தோன்றும். தொல்லியலாளர் கென்ட் ஃப்ளானரி 1966-இல் இங்கே தோண்டினார். நாலைந்து பேர் கொண்ட குடும்பம் இலையுதிர் காலத்தில் வந்து தங்கி, ஓக் கொட்டையும் கற்றாழையும் தின்றுவிட்டுப் போன இடம். வறண்ட மண் என்பதால் எதுவும் மக்கவில்லை. பூசணி விதை கிடைத்தது, அதன் வயது சுமார் 10,000 ஆண்டு. காட்டுப் பூசணி விதையைவிடப் பெரியது. ஊர் கட்டி உட்கார்வதற்குப் பல ஆயிரம் ஆண்டு முன்பே, சுற்றித் திரிந்தவர்கள் பூசணி வளர்த்திருக்கிறார்கள். விவசாயம் வந்ததும் ஊர் வந்தது என்று பள்ளிக்கூடத்தில் படித்த வரிசை இங்கே செல்லாது.

மக்காச்சோளக் கட்டைகளும் இங்கே கிடைத்தன, 6,250 ஆண்டு. உலகில் இதுவரை கிடைத்த கட்டைகளில் மிகப் பழையவற்றில் அவை சேர்த்தி. சின்னவை, இரண்டு வரிசை, நான்கு வரிசை. ஆனால் முக்கியமான ஒன்று அதற்குள் நடந்து முடிந்திருந்தது: கதிர் தானாக உடையவில்லை. மணியைக் கையால்தான் உதிர்க்க வேண்டும்.

அது எப்படி நடந்தது என்று யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டிருக்க வேண்டியதில்லை. அறுக்கப் போகிறவள் கையில் எது மாட்டும்? ஏற்கெனவே உதிர்ந்தது மண்ணில் கிடக்கும். உதிராமல் ஒட்டி நிற்கிற கதிர்தான் கூடைக்கு வரும். கூடைக்கு வந்ததில் ஒரு பிடி அடுத்த மழைக்கு விதை. வருஷா வருஷம் இதே வடிகட்டல். செடிக்கு இது நல்லதா என்றால், காட்டில் இருந்திருந்தால் அது சாவு. உதிராத செடி பரவாது. மனிதன் கை இருக்கும்வரைதான் மக்காச்சோளத்துக்கு வாழ்வு. ஒரு முழுக் கதிர் அப்படியே மண்ணில் விழுந்தால் நூற்றுக்கணக்கில் ஒரே இடத்தில் முளைத்து ஒன்றையொன்று நெரித்துக் கொல்லும்.

திரும்பும்போது அவர் வீட்டில் தண்ணீர் குடித்தோம். அடுப்புக்கு மேலே உறையைப் பின்னுக்கு மடித்துச் சேர்த்துப் பின்னிய கதிர்கள், புகையேறித் தொங்கின. விதைக்கு வைத்தது. அவர் மனைவி ஒன்றை எடுத்துக் காட்டினார். கட்டையின் நுனியில் இருக்கும் மணியும், அடியில் இருக்கும் மணியும் சாப்பாட்டுக்கு. நடுவில் உள்ளது மட்டும் விதைக்கு. கதிரைத் தேர்வு செய்வது யார் என்று கேட்டேன். “நான்தான், இவருக்கு அவசரம்” என்றார். குகையில் 6,250 ஆண்டு என்று பலகை வைத்து முடித்துவிட்ட வேலை இந்த அடுக்களையில் நடந்துகொண்டிருக்கிறது. அவர் பெரிய மணியைத் தேடவில்லை. மாவு மெதுவாக இருக்க வேண்டும், ஆடி மாதம்போல நடுவில் மழை நின்றால் தாங்க வேண்டும், உறை இறுக்கமாக இருந்தால் அந்து ஏறாது. இந்த மூன்றும்தான் அவர் கணக்கு.

எங்கள் வீட்டில் இந்த வேலை நின்று பல வருஷம் ஆயிற்று. வீரிய ஒட்டு விதையை எடுத்து வைத்துப் போட்டால் அடுத்த வருஷம் உயரமும் குட்டையுமாகக் கலைந்து வரும். பீடில் 50,000 செடியில் பார்த்த அதே கலைசல்தான். அதனால் பருவம்தோறும் பை வாங்குகிறோம். மகசூல் இங்கத்தைவிட எங்களுக்குப் பல மடங்கு அதிகம், அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஞாயிறு, ட்லகோலூலா சந்தை

சந்தை நாள். வெள்ளை, மஞ்சள், நீலம், சிவப்பு, எல்லா நிறத்திலும் மணி, சாக்குச் சாக்காக. ஒரு கதிரைக் குறுக்கே ஒடித்து வரிசையை எண்ணினேன்: பத்து. இன்னொன்று: எட்டு. அடுத்தது பன்னிரண்டு. விற்கிற அம்மா முறைத்ததால் ஒடித்தவற்றுக்குக் காசு கொடுத்தேன். மக்காச்சோளத்தில் ஒற்றைப்படை வரிசை வராது. பூக்கள் ஜோடி ஜோடியாகத்தான் உண்டாகும், புல்லிலும் அப்படித்தான். புல்லில் ஜோடியில் ஒன்று வளராமல் கருகிவிடும், மக்காச்சோளத்தில் இரண்டும் மணியாகும். கதிரைப் பருக்கவைத்த மாற்றங்களில் இதுவும் ஒன்று. வீட்டில் அடுத்த முறை சுட்டுத் தின்னும்போது எண்ணிப் பாருங்கள்.

கரிப்பூட்டை நோய் வந்து சாம்பல் நிறத்தில் வீங்கிய கதிர்களைத் தனியே அடுக்கி வைத்திருந்தார்கள், நல்ல கதிரைவிட விலை அதிகம். ஊரில் பிடுங்கிக் கொளுத்துவதை இங்கே வெங்காயத்தோடு வதக்கிச் சாப்பிடுகிறார்கள். சாப்பிட்டேன். காளான் வாசனை, கொஞ்சம் இனிப்பு. அப்பாவிடம் சொல்லவில்லை.

செவ்வாய், டோடோன்டெபெக்

மலைப்பாதை, வளைவுக்கு வளைவு வாந்தி. மீஹே பழங்குடி மக்களின் ஊர், எப்போதும் மேகம். இங்கே வளரும் நாட்டு மக்காச்சோளம் ஐந்து மீட்டருக்கு மேல் போகிறது. அண்ணாந்து பார்க்க வேண்டும். ஆனால் பார்க்க வேண்டியது இடுப்பு உயரத்தில். தண்டில் கணுவுக்குக் கணு சிவந்த தடித்த வேர்கள், தரையைத் தொடாமல் காற்றில் விரல் நீட்டி நிற்கின்றன. நம் மக்காச்சோளத்தில் இப்படி ஒன்றிரண்டு அடுக்குதான் வரும், இதில் எட்டு பத்து அடுக்கு. வேர் நுனியில் கண்ணாடி மாதிரி கோந்து சொட்டுகிறது. தொட்டேன், விரலில் நூலாக இழுத்தது. அந்தக் கோந்தில் சர்க்கரை இருக்கிறது, உள்ளே ஆக்சிஜன் அதிகம் புகாது. காற்றின் நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கும் பாக்டீரியாவுக்கு அது போதும். 2018-இல் வந்த ஆய்வு, இந்தச் செடி தன் தழைச்சத்தில் 29 முதல் 82 சதவீதம்வரை இப்படிக் காற்றிலிருந்து எடுக்கிறது என்றது. பயறு வகைதான் இதைச் செய்யும் என்று படித்தவர்கள் எல்லோரும் ஒரு நிமிடம் நின்று பார்த்தார்கள். ஊர்க்காரர்கள் உரம் போடாமல் காலம் காலமாக விளைவித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆய்வின் லாபம் ஊருக்கும் வர வேண்டும் என்று மரபு வளத்தின் பயனைப் பங்கிடுவதற்கான சர்வதேச உடன்பாடான நாகோயா நெறிமுறையின்படி ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். அது போதுமா, ஒரு ஊர் மட்டும் கையெழுத்துப் போடலாமா, பக்கத்து மலையிலும் இதே ரகம் இருக்கிறதே என்று விவாதம் நடக்கிறது. எனக்கும் அந்தச் சந்தேகம் நியாயமாகவே படுகிறது. விதை வேலி தாண்டிப் போகிற பொருள்.

வயலில் நின்றே அப்பாவுக்கு வீடியோ காட்டினேன். கோந்தைப் பார்த்தார்.

“காத்துலருந்தே தழைச்சத்தா? அப்ப யூரியா மிச்சம்.”

“ஆமாப்பா. ஆனா கதிர் வந்து முத்த எட்டு மாசம் ஆகும். இந்தக் குளிரும் மேகமும் வேணும்.”

“எட்டு மாசமா? மூணரை மாசத்துல அறுக்குற காட்டுல எட்டு மாசம் இத வச்சுக்கிட்டு என்ன பண்றது? மழை எங்க இருக்கு?”

அவர் கேட்ட கேள்வியில்தான் ஆய்வாளர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். காற்று வேரையும் கோந்தையும் மட்டும் பிரித்து, குறுகிய வயதுள்ள ரகத்துக்குள் கொண்டுபோக முடியுமா என்று ஒட்டுச் சேர்த்துப் பார்க்கிறார்கள். கோந்து ஒரு மரபணு சமாசாரம் இல்லை, பல இடங்களில் சிதறிக் கிடக்கிறது. வேர் அடுக்கு வேண்டும், அதில் கோந்து சுரக்க வேண்டும், சரியான பாக்டீரியா வந்து குடியேற வேண்டும், மூன்றும் ஒரே செடியில் சேர வேண்டும்.

நாளைக் காலை ஐந்து மணிக்கு வஹாகா போகும் வேன். வளைவுகளுக்குப் பயந்து இப்போதே எலுமிச்சை வாங்கி வைத்துவிட்டேன்.